ஐஸ் உருகாத தூரம்

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாறசாலையில் எனக்கு ஒரு பெயின்ட் கடை உண்டு. அதில் வியாபாரம் உண்டா என்று கேட்கக் கூடாது. குன்னத்துகால் வரைக்கும் யாருக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டுமானாலும், யாருடைய செல்போனில் எது நின்றுபோனாலும் என் கடைக்குத்தான் வருவார்கள். நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல, எப்போது வந்தாலும் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்பதால். அப்படி ஊருக்கெல்லாம் பயணம் ஏற்பாடு செய்துகொடுத்த நான், ஐம்பது வயதுவரை ஒரு ஹோட்டல் அறையில் படுத்ததில்லை. என் அப்பாவும் படுத்ததில்லை. திருநெல்வேலியில் ஓர் அத்தை, கொல்லத்தில் ஒரு மாமா, நாகர்கோவிலில் மூன்று சித்திகள் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் எங்கள் ஆட்களை முன்னோர்கள் யோசித்து நட்டு வைத்திருந்தார்கள்.

சொந்தக்காரர் இருக்கும் ஊரில் காசு கொடுத்து அறை எடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. எடுத்தால், அவர்கள் போட்ட இலையை எட்டி உதைத்ததற்குச் சமம். என் மாமா ஒருவர் கண் ஆபரேஷனுக்கு நாகர்கோவில் போனபோது, ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதற்காக ஒரு லாட்ஜில் தங்கிவிட்டார். அங்கிருந்த சித்தி மாமாவின் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. மாமா இறந்தபோதுதான் வந்தாள். அப்போதும் "லாட்ஜுக்குப் போனவனாக்கும்" என்று சொல்லிச் சொல்லித்தான் அழுதாள்.

என் மகள் நர்ஸ். திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, ஜெர்மனிக்குப் போக விசாவும் வாங்கிவிட்டாள். விசா வந்த அன்று சமையலறையில் நானும் மனைவியும் அவளும் நின்றுகொண்டிருந்தோம்.

"அப்பா, போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காரியம் செய்து தரணும்."

"நகையா மக்கா?"

"நகை ஒண்ணும் வேண்டாம். எறணாகுளம் பக்கத்துல அந்த பார்க்குக்குப் போணும். நம்ம மூணு பேரு மட்டும். ராத்திரி அங்ஙன ஹோட்டல்ல தங்கணும். ஒருத்தருக்க வீட்டுலயும் ஏறப்பிடாது."

"அங்ஙன என்ன உண்டு?" என்றாள் என் மனைவி.

"ராட்டினம் உண்டு. சாயங்காலம் லைட்டு போடுவாங்க. அது பாக்கணும்." பிறகு, "நம்ம வீட்டுல நாம மூணு பேரு மட்டும் இருந்து சோறு தின்ன ஒரு நாளு சொல்லுங்க பாப்பம்" என்றாள்.

நான் யோசித்தேன். எங்கள் வீட்டுக்கு இடது பக்கம் தம்பி வீடு, வலது பக்கம் சித்தப்பா வீடு. பின்வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, போட்டு யாரும் பார்த்ததில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் சித்தப்பா மருமகள் தேங்காய்த் துருவியைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, "என்ன ரகசியம்?" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

ஹோட்டல் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. நிபந்தனைகள் இரண்டு. வாடகை நம்மால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பார்க்குக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். மத்தியானம் வந்து குளித்து, கொஞ்சம் கிடந்துவிட்டு, லைட் போடும் நேரத்துக்குத் திரும்பப் போக வேண்டுமாம்.

"நடக்கிற தூரம்னா எவ்வளவு?" என்று கேட்டேன். என் கடையிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் எனக்கு நடக்கிற தூரம். என் அப்பாவுக்கு மைல்கணக்கில் தள்ளியிருக்கும் வெள்ளறடையே நடக்கிற தூரமாக இருந்தது.

"கேட்டுல ஐஸ் வாங்கினா, றூம் எத்தும்பம் அலியப்பிடாது. அவ்வளவு தூரம்."

அறைக்கு வந்துசேரும்போது ஐஸ் உருகியிருக்கக் கூடாது; அது அவளுடைய பழைய கணக்கு. சின்ன வயதில் பாறசாலை ஜங்ஷனில் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தால் தின்ன மாட்டாள், அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று பிடித்துக்கொண்டு வருவாள். வீடு வரும்போது ஐஸ் முழங்கை வழியாக உருகி ஒழுகிப் போயிருக்கும். வெறும் கோனைக் காட்டி அழுவாள். அவள் அம்மாவும் தவறாமல் "அய்யோ, நல்லா இருக்கே" என்பாள்.

மறுநாளிலிருந்து கடையில் உட்கார்ந்து செல்போனில் ஹோட்டல்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். பார்க்கை ஒட்டியே ஒரு ரிசார்ட் இருந்தது. அதன் வாடகையைப் பார்த்ததும், யாரும் பார்த்துவிடக் கூடாத படம்போல செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

நான் பேசுவது மலையாளம் என்பது என் நம்பிக்கை. நெய்யாற்றின்கரை தாண்டினால் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். ஒரு ஹோட்டலில் ஒரு பெண் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்நாட்டீன்னாணோ?" என்று பரிவோடு கேட்டாள். எல்லை தாண்டி, களியக்காவிளை சந்தையில் இதே வாயைத் திறந்தால் "மலையாளத்தானா?" என்கிறார்கள். எங்கே போனாலும் நான் பக்கத்து மாநிலம்.

இன்னொரு ஹோட்டல்காரர் பார்க் வெறும் ஐந்து நிமிடம் என்றார். "நடந்நிட்டோ?" என்று கேட்டேன். "ஓட்டோயில்" என்றார். வேறொருவர் ஜன்னல் வழியாக ராட்டினம் தெரியும் என்று சொல்லிப் படமே அனுப்பினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஜன்னலுக்கு மேலே ஆணி இருந்தது. அது ஜன்னல் அல்ல, மாட்டி வைத்த படம். அடுத்தவர்தான் நேர்மையாளர். அவருடைய மதிலும் பார்க்கின் மதிலும் ஒன்று. நான் துள்ளிக் குதித்து, கேட் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கேட் குன்றுக்கு மறுபுறமாம். மதிலேறிச் சாடிக் குதித்தால் பக்கம்தான் என்று ஆறுதல் சொன்னார்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது, "அந்த வயித்த வெச்சிட்டு நீங்க மதிலு சாடுவியளா?" என்றாள் மனைவி.

"கேட்டியளா அம்மா," என்றாள் மகள், "அப்பா சாடினா மதிலுதான் விழும். பார்க்குக்கு டிக்கெட் வேண்டாம்."

அந்த நாட்களில் நாங்கள் மூவரும் அப்படிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். பார்க்கை விட அதைத் தேடியதுதான் நன்றாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

கடைசியில் ஒரு லாட்ஜ் கிடைத்தது. கீழே பேக்கரி, மேலே சில அறைகள். வாடகை எங்கள் கைக்கு அடங்கியது. மகளும் பக்கத்தில் இருந்ததால் நேராகவே கேட்டேன்: கேட்டில் ஐஸ்கிரீம் வாங்கி நடந்தால் அறைக்கு வருவதற்குள் உருகுமா? மறுமுனையில் இருந்த இளைஞன் சிரிக்கவில்லை. "கோனாணோ, கப்பாணோ?" என்று கேட்டான்.

நான் செல்போனைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தேன். "கோன்" என்றாள்.

அவன் உண்மையாகவே யோசித்தான். "அலியத்தில்ல சேட்டா," என்றான். "நிழலுண்டு." வழியெல்லாம் மர நிழல், உருகாது என்று பொருள். அப்போதே அறையைச் சொல்லி வைத்தேன்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை பேர் கதை விட்ட பிறகு ஒருவன் உண்மையைச் சொன்னால் அதை எப்படி நம்புவது? பெயின்டைக்கூட நான் ஒரு பலகையில் அடித்துப் பார்க்காமல் விற்பதில்லை. யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சொன்னால் நல்லது. எறணாகுளத்தில் எனக்கு யாரைத் தெரியும்? பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டியிருக்கிறார். லாட்ஜைப் போய்ப் பார்த்துவர, லாட்ஜில் தங்குவதையே அவமானமாக நினைக்கும் ஆளைத் தேர்ந்தெடுத்தவன் எங்கள் பகுதியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தந்திரமாகத்தான் பேசினேன். கடைக்கு வரும் ஒருவருக்காக என்றேன். "செரி, பாத்துச் சொல்லுகேன்" என்றார் அண்ணன். சாயங்காலம் கூப்பிட்டார்.

"எலே."

"அண்ணா."

"கடைக்கு வாற ஆளுக்கு உனக்க பேரும் உனக்க நம்பருமாக்குமோ?"

நான் செல்போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் செத்தா போனேன்?"

"இல்லண்ணா, பிள்ள ஆசப்பட்டு..."

"பிள்ளைக்கு லாட்ஜுல கிடக்கணும்னு ஆசையா? நீ ஆரிட்ட பறயுத? றூம் வேண்டாம்னு அந்தப் பையனிட்ட நான் சொல்லியாச்சு. உனக்க மைனி உளுந்து வாங்கப் போயாச்சு."

நாங்கள் கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. விருந்துக்கு உளுந்து வாங்கிய பிறகு எங்கள் ஆட்களிடம் மறுபேச்சு கிடையாது. "ஆட்டும் அண்ணா" என்றேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி தலையில் கை வைத்தாள். "வேற லாட்ஜு பாத்தா என்னவாக்கும்?" என்று நானே கேட்டேன். "அவியள் கூப்பிட்ட பிறவா? உங்க மாமாவுக்க கதை மறந்து போச்சா?" என்றாள். இருவரும் மகளைப் பார்த்தோம். அவள் கோபப்பட்டிருந்தால் நான் ஒருவேளை அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டிருப்பேன். அவள் கொஞ்ச நேரம் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"செரி அப்பா," என்றாள். "பெரியப்பாவுக்க வீடுல்லா."

போனோம். அண்ணன் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். அவர் மனைவி, எங்கள் மைனி, வாசலில் நின்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். உளுந்துவடை, இடியாப்பம், கடலைக்கறி, பிறகு இன்னும் ஒரு தடவை உளுந்துவடை. அண்ணனின் மகன்கள் இருவரும் வெளிநாட்டில். அவர்களுடைய அறைகளைத் திறந்து புதுவிரிப்பு போட்டிருந்தார்கள். கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அந்த அறைகளில் யாரும் தூங்கவில்லை. மைனி மகளைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். அண்ணன் என்னை ஹாலில் பாய் போட்டுத் தன் பக்கத்தில் படுக்க வைத்து, பெரியப்பா காலத்து வரப்புத் தகராறை முதலிலிருந்து சொன்னார்.

மறுநாள் காலையில் பார்க் என்று முடிவு. குளித்து உடுத்து வந்தால், முன்னறையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணும் நர்சிங். ஜெர்மனிக்குப் போவது எப்படி என்று என் மகள் சொல்லித்தர வேண்டும். அவள் சொல்லித்தந்தாள். அதற்குள் எதிர்வீட்டிலிருந்தும் ஒரு பெண் வந்தாள். மகள் மறுபடி முதலிலிருந்து சொல்லித்தந்தாள். நான் நடுவில் புகுந்து, "பார்க்கு பூட்டிருவான்" என்றேன். "பார்க்கு எங்க போவுது?" என்றார் அண்ணன்.

அண்ணனும் மைனியும் கூட வந்தார்கள். வராமல் இருப்பார்களா? பிள்ளையைத் தனியே விடுவதா? மைனி ஐந்து பேருக்கும் இலையில் பொதிச்சோறு கட்டி எடுத்திருந்தாள். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள் கேட்டில். சோற்றைத் தூக்கி எறியச் சொன்னதுபோல அண்ணன் முகம் கறுத்துவிட்டது. வெளியே ஒரு கல்மதிலில் வரிசையாக உட்கார்ந்து, உள்ளே போகிறவர்கள் எல்லாம் பார்க்க, பொதியை அவிழ்த்துத் தின்றோம். "ஒண்ணும் தின்னல்லியே. இன்னும் கொஞ்சம் தின்னு மக்கா," என்று மைனி மகளின் இலையில் தன் அவியலைத் தள்ளினாள். மகள் தின்றாள். அவள் கண் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது. அங்கே எங்கேயோதான் அந்த பேக்கரி இருக்க வேண்டும்.

உள்ளே போனபின் அண்ணனுக்கு நிற்க முடியவில்லை. தண்ணீர் தெறிக்கும் பக்கம் மைனி வர மாட்டாள். நான் அவர்களுக்கு நிழல் பார்த்து உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கழிப்பறை தேடிக் காட்டினேன். மகளும் மனைவியும் ஒரு சறுக்கில் ஒருதடவை இறங்கினார்கள். ராட்டினத்தில் ஏற மகள் வரிசையில் நின்றாள். வரிசை நீளமாக இருந்தது. வெயில் தாழ ஆரம்பித்ததும் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பஸ்ஸு மாறணும் இல்லியா. இருட்டினா கஷ்டமாக்கும்."

"லைட்டு போட்டதும் போலாம் பெரியப்பா," என்றாள் மகள்.

"லைட்டு நம்ம வீட்டுலயும் உண்டு மக்கா," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. கெட்ட மனசில் சொன்னதல்ல. அவர் கால் வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் நர்ஸ் அல்லவா. வரிசையிலிருந்து வெளியே வந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள்.

பஸ் வளைவு திரும்பும்போதுதான் பின்னால் லைட் போட்டார்கள். ராட்டினம் முதலில் பச்சையாக எரிந்தது, பிறகு சிவப்பாக. மகள் சீட்டில் திரும்பி முழங்காலிட்டு, சின்னப்பிள்ளைபோலப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எனக்கு முன்சீட்டில் அண்ணன் யாரிடமோ, "தம்பிக்க மகளாக்கும், ஜெர்மனி போறா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் மரங்கள் ராட்டினத்தை மறைத்தபின் அவள் நேராக உட்கார்ந்தாள்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கொள்ளாம் அப்பா," என்றாள். நன்றாக இருந்தது என்பதற்கும் பரவாயில்லை என்பதற்கும் எங்களிடம் அது ஒரே சொல்.

சில நாட்களில் அவள் விமானம் ஏறினாள். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தோம். விமான நிலைய வாசலில் அவளோடு தனியாக நிற்க எனக்கு ஒரு முறை வந்ததும் தம்பி படம் எடுக்க எல்லாரையும் கூப்பிட்டான்.

அவள் போனபின் வீட்டில் கூட்டம் குறைந்தது. தேங்காய் துருவி கேட்டு வந்தவர்கள் அவளுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் மனசிலானது. இப்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பக்கத்து ஊரிலிருந்து தூரத்து உறவு யாராவது கடைக்கு வந்தால் நான் விடுவதில்லை. "ராத்திரி தங்கிட்டுப் போலாம், றூம் சும்மா கிடக்குல்லா" என்கிறேன். ஒருநாள் அப்படி ஒருவரின் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது என் குரல் அண்ணனின் குரல்போலவே இருந்தது. பையை விட்டுவிட்டேன். அவர் தப்பித்துப் போனார்.

போன மழைக்காலம் முடிந்ததும் மனைவியிடம், "அந்த லாட்ஜுக்கு ஒரு நாளு போயிட்டு வருவமா?" என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டாள். எறணாகுளம் ஸ்டேஷனில் நான் தொப்பியும் அவள் முக்காடும் போட்டு, திருட்டுக் கல்யாணம் செய்துகொண்ட சோடிபோல வெளியே வந்தோம். "இந்த வயசுல இது தேவையா?" என்றாள் அவள்.

பேக்கரிக்கு மேலே அதே இளைஞன் இருந்தான். எனக்கு அவனை ஞாபகம், அவனுக்கு என்னை இல்லை. எத்தனை பேர் என்று கேட்டான். நான் சொல்லத் தாமதித்ததால் மனைவி சொன்னாள். அறை சிறியது. ஜன்னலைத் திறந்தால் மரக்கிளைகளுக்கு மேலே ராட்டினத்தின் பாதி தெரிந்தது. ஆணி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, நிஜ ஜன்னல்தான்.

பார்க்குக்கு உள்ளே போகவில்லை. அங்கே எங்களுக்கு என்ன வேலை? கேட் வரை நடந்தோம். வெளியே கடையில் ஒரு கோன் ஐஸ் வாங்கினேன். மனைவி என்னையும் ஐஸையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவருக்கும் சர்க்கரை.

"திங்கவா?"

"திங்க இல்ல. நடக்க."

நடந்தோம். ரோட்டின் இருபக்கமும் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். அவன் சொன்ன நிழல். சாயங்கால வெயில் ஒரு துளிகூடக் கையில் படவில்லை. நான் கோனை நேராகப் பிடித்துக்கொண்டு, கோயிலில் விளக்கெடுத்து வருகிறவன்போல வந்தேன். எதிரே வந்த ஒரு குடும்பம் வழிவிட்டது. மனைவி என் முழங்கையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். படி ஏறி அறைக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தபோது ஐஸின் முனைகூட மழுங்கவில்லை.

"அய்யோ, நல்லா இருக்கே," என்றாள் மனைவி. சொன்ன பிறகு போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள்.

மகளைச் செல்போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அங்கே டியூட்டி நேரம். ஐஸைக் கோனோடு காலி டம்ளரில் நிறுத்தி வைத்துவிட்டு இருவரும் கட்டிலில் உட்கார்ந்தோம். வெளியே லைட் போட்டார்கள். பச்சை, பிறகு சிவப்பு. அறைச் சுவரிலும் அது லேசாக வந்து போனது. யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் எதுவும் கேட்டு வரவில்லை.

அவளே திரும்பக் கூப்பிட்டாள், இடைவேளையில், நர்ஸ் உடுப்போடு. நான் செல்போனை ஜன்னல் பக்கம் திருப்பி ராட்டினத்தைக் காட்டினேன். அவளுக்கு முதலில் புரியவில்லை.

"எங்ஙன நிக்கியோ?"

"அந்த லாட்ஜுல. நீ கேட்டதுல்லா." அவள் முகத்தைத் திரைக்குப் பக்கமாகக் கொண்டுவந்தாள். நான் அவசரமாக டம்ளரை எடுத்துச் செல்போனுக்கு நேரே காட்டினேன். உள்ளே ரோஸ் நிறத்தில் பாலும், அதில் ஊறிச் சரிந்த கோனும் இருந்தன.

"அலிஞ்சு போச்சே அப்பா."

"இல்ல மக்கா, றூம் எத்தும்பம் அலியல்ல. சத்தியமாட்டு. அம்மைட்ட கேளு."

"அலியல்ல பிள்ளே," என்றாள் மனைவி கட்டிலிலிருந்து. "நான் பாத்தேன்."

மகள் டம்ளரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பின்னால் யாரோ அவளை ஜெர்மனில் கூப்பிட்டார்கள்.

"செரி அப்பா," என்றாள்.